வகுப்புத்தளம்: எளிய தளவாக்கியைக் கொண்டு வகுப்பறை இணையதளம் அமைத்தல் பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஒரு வகுப்பின் கற்றலுக்கு வேண்டியவற்றை ஆசிரியரோ மாணவரோ ஒழுங்குபடுத்தி, நிலையான ஒரு முகவரியில், வேண்டியபோது வந்து பார்க்கும்படி வைக்கும் இணையப் பக்கங்களின் தொகுதியை வகுப்புத்தளம் என்று இக்கட்டுரையில் வழங்குகிறோம். இவ்வரையறைக்கு உறுப்புகள் மூன்று: ஒழுங்கு, நிலைத்த முகவரி, வேண்டியபோது பார்க்கும் வாய்ப்பு. ஒன்று குறைந்தாலும் அது வகுப்புத்தளம் ஆகாது.

வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் அனுப்பும் பிடிஎஃப் மாணவரை உடனே சென்றடைகிறது. ஆனால் அதற்கு இடமும் இல்லை, வரிசையும் இல்லை. பத்து நாள் கழித்துத் தேடும் மாணவர் பண்டிகை வாழ்த்துகளையும் 'சரி ஐயா', 'நன்றி டீச்சர்' என்ற பதில்களையும் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். கூகுள் கிளாஸ்ரூம் போன்ற கற்றல் மேலாண்மைச் செயலிகளில் ஒழுங்கு உண்டு. ஆயினும் அவை வகுப்பில் சேர்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே திறப்பவை, பணி கொடுத்து வாங்கி மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவை. பள்ளியின் பெயரில் இயங்கும் இணையதளம் நிறுவனத்தைப் பற்றிப் பேசுவது. இம்மூன்றும் நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன.

நிரல்மொழி எதுவும் எழுதாமல், திரையில் பெட்டிகளை இழுத்து வைத்தும் தட்டச்சு செய்தும் இணையப் பக்கம் ஆக்கவும், ஆக்கியதைத் தன் வழங்கியிலேயே வைத்து வெளியிடவும் இடந்தரும் சேவை தளவாக்கி எனப்படும். வீப்ளி, விக்ஸ், வேர்ட்பிரஸ் எனப் பல உள. நாம் எடுத்துக்கொள்வது கூகுள் சைட்ஸ். காரணங்கள் எளியவை. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஆசிரியரிடம் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கும், கட்டணம் இல்லை, பக்கங்களில் விளம்பரம் தோன்றுவதில்லை, கூகுள் டிரைவில் உள்ள கோப்புகள் நேரடியாக உள்ளே வருகின்றன. அதன் வசதிகள் குறைவு என்பதும் நமக்கு ஒரு தகுதியே. எட்டு வகைப் பொத்தான் வடிவங்கள் இருந்தால் ஆசிரியரின் மாலைப்பொழுது பொத்தானிலேயே போய்விடும்.

இங்கு நிறுவ முயல்வது இது: தளவாக்கி நிரலெழுதும் உழைப்பை நீக்குகிறது, பகுத்து அடுக்கும் உழைப்பை நீக்குவதில்லை. முன்பு நிரலின் கடினத்துக்குப் பின்னால் மறைந்திருந்த அவ்வுழைப்பு இப்போது முதல் நாளிலேயே ஆசிரியரின் எதிரே வந்து நிற்கிறது. ஆர்வத்தோடு தொடங்கிய வகுப்புத்தளங்கள் அரைகுறையாய் நிற்பதற்குக் கருவியறிவின் குறையைவிடப் பகுப்பின் குறையே பெரிய காரணம் என்பது நம் துணிபு.

2. தளவாக்கியின் தோற்றம்

1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். பின்வந்த உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே பயன்பட, எழுதுவது நிரல் தெரிந்தவரின் வேலையாயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே தளவாக்கிகள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் பொதுமக்களுக்கு இலவச இடம் தந்தது. 1995இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய விக்கி, பலர் கூடி ஒரே பக்கத்தைத் திருத்தும் முறையைக் காட்டிற்று. ஜாட்ஸ்பாட் என்ற நிறுவனம் அந்த விக்கி முறையை அலுவலகங்களுக்கு ஏற்றதாக்கியது. கூகுள் 2006இல் அதை வாங்கி, 2008இல் கூகுள் சைட்ஸ் என்று வெளியிட்டது. 2016இல் அது முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. இன்று நாம் காண்பது அந்தப் புதிய வடிவம்.

இந்த வரலாற்றில் ஆசிரியர் மறக்கக்கூடாத இன்னொரு வரிசையும் உண்டு. ஜியோசிட்டீஸின் அமெரிக்கச் சேவை 2009இல் மூடப்பட்டது. உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்புக்குப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் நின்றது. கூகுள் சைட்ஸின் பழைய வடிவமும் விலக்கப்பட்டது. புதிய வடிவத்துக்கு மாற்றப்படாத தளங்கள் பார்வைக்குக் கிட்டாமல் போயின. இலவசச் சேவையில் வைப்பதன் மூலப்படி எப்போதும் வேறோரிடத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பெறப்படுகிறது. இதன் பயனை ஒன்பதாம் பகுதியில் காண்போம்.

3. வகுப்புத்தளத்தின் வகைகள்

ஆக்குவோர் நோக்கில் வகுப்புத்தளம் மூவகைப்படும். ஆசிரியர் ஒருவரே ஆக்குவது ஆசிரியர்தளம். மாணவர் தம் ஆக்கங்களைத் தொகுத்து வைப்பது மாணவர்தளம். ஆசிரியர் கட்டமைப்பை வகுத்துத் தர, மாணவர் குழுக்கள் பக்கங்களை நிரப்புவது கூட்டுத்தளம். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995இல் பெர்னி டாட்ஜ் வகுத்த வெப்குவெஸ்ட் முறை, ஆசிரியர்தளத்துக்குள் மாணவரின் தேடலை அமைத்துக்கொடுத்த முதல் ஒழுங்கான முயற்சிகளுள் ஒன்று. பணி, படிகள், பார்க்க வேண்டிய மூலங்கள், மதிப்பிடும் அளவைகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் வைக்கும் அதன் அமைப்பு இன்றைய தளவாக்கிக்கு அப்படியே பொருந்தும்.

மூன்றனுள் எது சிறந்தது என்ற வினாவுக்கு இடமில்லை. முதலில் செய்யத்தக்கது எது என்றால் ஆசிரியர்தளம். அதில் உரிமைச் சிக்கல் குறைவு. மாணவர்தளம் கற்றலுக்கு மிகவும் வளமானது. ஆனால் அது மாணவரின் பெயர், முகம், கையெழுத்து ஆகியவற்றைப் பொதுவெளிக்குக் கொண்டுவரும் வகையாதலால் எட்டாம் பகுதியின் கட்டுப்பாடுகள் முழுவதும் அதன்மேல் விழும். இனி வருவன பெரும்பாலும் ஆசிரியர்தளத்தை முன்வைத்தே சொல்லப்படுகின்றன. எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலின் ஒளியியல் பாடத்தைக் கொள்வோம்.

4. உள்ளடக்கப் பகுப்பு

தளத்தில் வைக்கத் தோன்றும் பொருள் அனைத்தும் காலத்தால் மூன்றாகப் பிரியும். பாடத்திட்டம் மாறும் வரை பயன்படுவது நிலைப்பொருள்: லென்சு சமன்பாட்டின் விளக்கம், கதிர்ப்படங்கள், தீர்த்துக் காட்டிய கணக்குகள். ஒரு கல்வியாண்டுக்கு அல்லது ஒரு பருவத்துக்கு மட்டும் உரியது பருவப்பொருள்: பாடவேளை அட்டவணை, தேர்வுக் கால அட்டவணை, செய்முறைத் தேர்வுக் குழுக்கள். ஓரிரு நாளில் பயனற்றுப் போவது அன்றாடப்பொருள்: இன்றைய வீட்டுப்பாடம், நாளைய மழை விடுமுறை.

மூன்றாம் வகையைத் தளத்தில் வைக்கவே கூடாது என்பது நம் முடிபு. இது கடுமையாகத் தோன்றலாம். காரணத்தைப் பார்ப்போம். ஜூலையில் எழுதிய வீட்டுப்பாடத்தை நவம்பரில் முகப்புப் பக்கத்தில் காணும் பெற்றோர், அந்தத் தளத்தில் உள்ள அனைத்தும் பழையது என்று கருதிவிடுவார். அதன்பின் அங்கே இருக்கும் நல்ல விளக்கத்தையும் அவர் திறந்து பார்ப்பதில்லை. ஆசிரியருக்கோ நாள்தோறும் திருத்த வேண்டிய கடமை ஏறுகிறது. முதல் வாரம் செய்வார், பருவத் தேர்வு வந்ததும் விடுவார், விட்டதைப் பார்க்கக் கூசித் தளத்தையே திறக்காமல் இருப்பார். அன்றாடச் செய்தி வாட்ஸ்அப் குழுவிலேயே போகட்டும். அதற்கு அது நன்கு பொருந்துகிறது. கரும்பலகையில் எழுதி அழிப்பதையும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதையும் எந்த ஆசிரியரும் குழப்பிக்கொள்வதில்லை. இங்கும் அந்தப் பிரிவே வேண்டும்.

பருவப்பொருளுக்குத் தனிப்பக்கம் ஒன்று மட்டும் கொடுத்து, அதன் தலைப்பிலேயே கல்வியாண்டை எழுதிவிட வேண்டும். ஆண்டு முடிந்ததும் அந்த ஒரு பக்கத்தைத் திருத்தினால் போதும். நிலைப்பொருள் பக்கங்களில் ஆண்டு, மாதம், 'அடுத்த வாரம்', 'நேற்று நடத்திய' என்பன போன்ற காலச்சொற்கள் வராமல் காப்பது இதன் மறுபாதி.

அடுத்தது பக்கப் பகுப்பு. இதில் இருநெறிகள் காணப்படுகின்றன. வடிவவழிப் பகுப்பு, பொருளின் உருவத்தைக் கொண்டு பிரிப்பது: வீடியோக்கள், பிடிஎஃப்கள், படங்கள், வினாத்தாள்கள். பாடவழிப் பகுப்பு, பொருள் எதைப் பற்றியதோ அதைக் கொண்டு பிரிப்பது: இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல். புதிதாகத் தளம் அமைப்போர் பெரும்பாலும் முதல் நெறியிலேயே இறங்குகின்றனர். அவர்களுடைய கணினியில் கோப்புறைகள் அவ்வாறு இருப்பதே அதற்குக் காரணம். ஆனால் மாணவர் 'ஒரு வீடியோ பார்க்க வேண்டும்' என்று வருவதில்லை. குழிலென்சில் குவியத் தொலைவுக்கு ஏன் எதிர்க்குறி போடுகிறோம் என்று தெரியாமல் வருகிறார். அவருக்கு ஒளியியல் என்ற ஒரு பக்கமும், அதில் அந்தக் கேள்விக்குரிய படமும் கணக்கும் வீடியோவும் அடுத்தடுத்தும் வேண்டும். ஆகவே பாடவழிப் பகுப்பே வகுப்புத்தளத்துக்கு உரியது. வடிவவழிப் பகுப்பு பாடப்பக்கத்துக்கு உள்ளே, உட்தலைப்பு அளவில் வரலாம்.

ஆழத்தைப் பற்றி ஒரு சொல். கூகுள் சைட்ஸ் பக்கத்துக்குள் பக்கமாகப் பல அடுக்குகள் வைக்க இடந்தருகிறது. இரண்டு அடுக்கே போதும். கைபேசியில் பக்கப் பட்டியல் மேல்மூலையில் மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துவிடுகிறது. அதைத் தொட்டு, விரித்து, உள்ளடுக்கை மீண்டும் விரித்துச் செல்லும் பொறுமையை நாம் பத்தாம் வகுப்பு மாணவரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. முகப்புப் பக்கத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொத்தான் வைத்துவிட்டால் பட்டியலைத் திறக்காமலே எங்கும் போகலாம்.

5. பொருள் தளத்துக்குள் வரும் வழிகள்

இது இவ்வாய்வின் நடுப்பகுதி. பொருள் ஒரு பக்கத்துக்கு வரும் வழிகள் மூன்று. பக்கத்திலேயே தட்டச்சு செய்வதும் படத்தை ஏற்றுவதும் நேர்பதிவு. வேறிடத்தில் வாழும் ஒன்றை, அங்கிருந்தபடியே பக்கத்தில் தோன்றச் செய்வது உட்பதிவு. யூடியூப் வீடியோ, கூகுள் டாக்ஸ் ஆவணம், கூகுள் படிவம், பிடிஎஃப் இவ்வாறு வருவன. வேறிடத்தின் முகவரியை மட்டும் தருவது இணைப்பு, பேச்சுவழக்கில் லிங்க்.

திரையில் பார்க்கும்போது நேர்பதிவுக்கும் உட்பதிவுக்கும் வேற்றுமை தெரிவதில்லை. ஆனால் அவற்றின் இயல்பு இரண்டு இடங்களில் முற்றிலும் வேறுபடுகிறது. ஆசிரியர்கள் படும் தொல்லைகளில் பாதி அங்கிருந்தே பிறக்கின்றன.

முதலிடம் புதுப்பித்தல். தளவாக்கியில் செய்யும் திருத்தம் தானே சேமிக்கப்படுகிறது, அது வரைவுநிலை. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்திய பின்னரே மாணவர் காணும் வெளியீட்டுநிலைக்கு அது வருகிறது. ஆகவே நேர்பதிவில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மீண்டும் வெளியிட வேண்டும். உட்பதித்த டாக்ஸ் ஆவணம் இதற்குக் கட்டுப்பட்டதன்று. மூல ஆவணத்தில் ஒரு வரி மாற்றினால், தளத்தைத் தொடாமலே அது மாணவரின் திரையில் மாறிவிடும். இதனால் விளையும் நன்மை தெளிவு: அடிக்கடி மாறும் பருவப்பொருளை உட்பதிவாக வைத்தால் கைபேசியிலிருந்தே திருத்திக்கொள்ளலாம். தீமையும் அதே அளவு தெளிவு: அரைகுறையாக எழுதிக்கொண்டிருக்கும் விடைக்குறிப்பும் எழுத எழுத வெளியே தெரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாமிடம் அணுகல் உரிமை. தளத்தை யார் பார்க்கலாம் என்பது ஓர் அமைப்பு. உட்பதித்த கோப்பை யார் பார்க்கலாம் என்பது டிரைவில் உள்ள வேறோர் அமைப்பு. தளத்தை யாவருக்கும் திறந்துவிட்டதால் கோப்பும் திறந்துவிடாது. ஆசிரியர் தம் கணினியில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், கோப்பு அவருடையதாயிற்றே. மாணவர் பார்க்கும்போது ஒளிவிலகல் பயிற்சித்தாள் இருக்க வேண்டிய பெட்டியில், அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு நிற்கும். சில மாணவர் அனுமதிக் கோரிக்கைப் பொத்தானை அழுத்துவார்கள். ஆசிரியரின் மின்னஞ்சலில் கோரிக்கைகள் குவியும். பெரும்பான்மையோர் ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார்கள். இதற்குத் தீர்வு இரண்டு படி. வகுப்புத்தளத்துக்கென்று டிரைவில் ஒரே ஒரு கோப்புறை வைத்து, அக்கோப்புறைக்கு 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற உரிமையைக் கொடுத்து, உட்பதிக்கும் ஒவ்வொன்றையும் அதற்குள்ளேயே வைப்பது முதற்படி. கணக்கு எதிலும் நுழையாத மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து ஒவ்வொரு பெட்டியையும் பார்ப்பது இரண்டாம் படி. அந்தக் கோப்புறையில் மதிப்பெண் பட்டியலைத் தவறியும் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

உட்பதிவுக்கு இசையாத பக்கங்களும் உண்டு. தம் பக்கம் பிறர் பக்கத்துக்குள் தோன்றுவதைத் தடுத்துவைத்திருக்கும் தளங்களை உட்பதித்தால் வெற்றுப்பெட்டியே கிடைக்கும். அவற்றுக்கு இணைப்பே வழி. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் திட்டம் தரும் உருவகப்படுத்தல்கள் உட்பதிவுக்கு இசைபவை. ஒளிக்கதிர் காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது வளைவதை மாணவர் தம் விரலாலேயே கோணம் மாற்றிப் பார்க்க அவை உதவுகின்றன. ஒளியியல் பக்கத்தில் ஒரே ஒரு உட்பதிவுக்குத்தான் இடம் என்றால் வீடியோவை விட்டுவிட்டு இதையே நாம் தேர்வோம்.

எதை எவ்வழியில் வைப்பது என்பதற்கு நாம் கொள்ளும் விதி: நிலைப்பொருளில் எழுத்தாக இருப்பது நேர்பதிவாகட்டும், பருவப்பொருள் உட்பதிவாகட்டும், பிறருக்கு உரிமையுள்ளது இணைப்பாகட்டும். விளக்க உரையைப் பிடிஎஃப் ஆக்கி உட்பதிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. கைபேசியில் பிடிஎஃப் பக்கத்தை இரு விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்திப் படிக்க வேண்டும். நேர்பதிவு எழுத்தோ திரையின் அகலத்துக்குத் தானே மடங்கிக்கொள்ளும். தரவுச் செலவும் மிகக் குறைவு.

நேர்பதிவில் ஆசிரியர்கள் அதிகம் கவனிக்காத உறுப்பு ஒன்று உண்டு: தலைப்பைத் தொட்டால் விரியும் மடிப்புப்பகுதி. கணக்கைத் தலைப்பாகவும் தீர்வை உள்ளேயும் வைத்தால், மாணவர் முதலில் தாமே போட்டுப் பார்த்துவிட்டு விரிக்கலாம். அச்சுநூலில் விடையைக் கடைசிப் பக்கத்தில் வைப்பதன் பயனை இது அங்கேயே தந்துவிடுகிறது.

6. எழுத்துக்குறியீட்டுச் சிக்கல்

தமிழ்வழி ஆசிரியருக்கு மட்டும் உரிய தடை இது. பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்த வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளிப்பட்டுவிடும். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லைத் தளத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக நிற்கும். அதைக் கண்டு தளவாக்கிக்குத் தமிழ் வராது என்று முடிவுகட்டியவர் உண்டு.

தீர்வு ஒருங்குறி. தமிழுக்கு ஒருங்குறியில் 1991 முதலே இடம் இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மாற்றியும் என்எச்எம் கன்வெர்ட்டரும் உள்ளன. மாற்றியபின் ஒரு முறை படித்துப் பார்ப்பது கட்டாயம்: ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் கலந்த இடங்களில், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும். இயற்பியல் வினாத்தாளில் அலகுகளும் குறியீடுகளும் சிதைவது இதனால்தான். புதிதாகத் தட்டுவோர் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையோ கைபேசியின் விசைப்பலகையையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை எழுவதில்லை.

இதனோடு தொடர்புடையது பக்க முகவரி. பக்கத்துக்குத் தமிழில் பெயரிட்டால் தளவாக்கி அப்பெயரையே முகவரியிலும் சேர்க்கிறது. அம்முகவரியைப் படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக ஒன்பது எழுத்துகளாய் விரியும். 'ஒளியியல்' என்பதில் குறிகள் எட்டு; ஆக அந்த ஒரு சொல் மட்டும் 72 எழுத்து நீளும். பக்கத்தின் பண்புகளில் உள்ள தனிப்பாதை என்ற அமைப்பில் ஆங்கில எழுத்துகளில் சிறு பெயர் கொடுத்துவிட்டால் தலைப்பு தமிழிலும் முகவரி குறுகியும் இருக்கும்.

7. ஆக்கப் படிநிலைகள்

முதற்படி தாளில் நடக்க வேண்டும். பாடங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கைவசம் உள்ள பொருளை நான்காம் பகுதியின் பகுப்புப்படி குறிக்க வேண்டும். பொருள் இல்லாத பாடத்துக்குப் பக்கம் தொடங்கலாகாது. 'விரைவில்' என்று எழுதிய வெற்றுப்பக்கம் மாணவரை ஒரு முறைதான் ஏமாற்றும், மறுமுறை அவர் வரமாட்டார்.

இரண்டாம் படியில் ஒரே ஒரு பாடப்பக்கத்தை முழுமையாக ஆக்கி, வெளியிட்டு, நாலைந்து மாணவரின் கைபேசியில் பார்க்கச் செய்ய வேண்டும். இரு நிரலாக அமைத்தது கைபேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். 'வலப்பக்கப் படத்தைப் பார்க்க' என்று எழுதியிருந்தால் அங்கே வலப்பக்கம் இராது. இப்பக்கம் திருந்தியபின் அதன் நகல்களே ஏனைய பாடங்களுக்கு அடிப்படை. எல்லாப் பக்கமும் ஒரே வரிசையில் அமைவதால் ஒளியியல் பக்கத்தில் பயிற்சி எங்கிருக்கிறது என்று கண்ட மாணவருக்கு ஒலியியல் பக்கத்திலும் தேட வேண்டியிராது.

நிறத்துக்கும் படத்துக்கும் கடைசி இடம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுநெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற வேறுபாட்டு விகிதத்தைக் குறைந்த அளவாகக் கூறுகின்றன. வெள்ளையின்மேல் மஞ்சள் இதில் தேறாது. ஒவ்வொரு கதிர்ப்படத்துக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்காக, அப்படம் காட்டுவதைச் சொற்களால் கூறும் மாற்றுரை வேண்டும். 'படம் 3' என்பது மாற்றுரை ஆகாது. 'குவிலென்சின் இருமடங்குக் குவியத் தொலைவுக்கு அப்பால் பொருள். தலைகீழான சிறிய மெய்பிம்பம்' என்பது ஆகும்.

8. காப்பும் உரிமையும்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்று கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பத்தாம் வகுப்பு முழுவதும் இவ்வரம்புக்குள் வருகிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், மாணவியின் முகமும் முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் ஒரே பக்கத்தில் உலகுக்குத் திறந்திருப்பதை எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார். மாணவர் ஆக்கத்தை வைக்கும்போது முதலெழுத்து மட்டும் போதும். படக்கோப்பின் பெயரையும் பார்க்க வேண்டும். முகம் தெரியாத படத்தின் கோப்புப்பெயரில் மாணவரின் பெயரும் பிரிவும் இருப்பதுண்டு. தேடுபொறிகள் தளத்தைக் காட்டவேண்டாம் எனக் கோரும் அமைப்பு வெளியிடும் பெட்டியிலேயே உள்ளது. வகுப்புத்தளத்துக்கு அதைத் தேர்வது நன்று. ஆனால் அது பூட்டு ஆகாது; முகவரி தெரிந்த எவரும் வரலாம். வருகையாளரை எண்ணும் கருவிகளை இணைக்கவும் வழியுண்டு. சிறுவர் வரும் இடத்தில் அது வேண்டாம் என்பது நம் கருத்து.

பதிப்புரிமையில் ஒரு நுட்பம் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் கற்பித்தலின்போது படியெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் அவ்விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. எனினும் வகுப்புக்குள் நகல் கொடுப்பதும் யாவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பதும் ஒன்றாகா. தனியார் வழிகாட்டிநூலை ஸ்கேன் செய்து ஏற்றுவதை அவ்விலக்கு காக்கும் என்று நம்பியிருக்கலாகாது. பாடநூலுக்கு அரசின் மின்னூல் பக்கத்துக்கே இணைப்புத் தரலாம். நம் கருத்தில், ஆசிரியர் தாமே கையால் வரைந்து கைபேசியில் எடுத்த கதிர்ப்படம் இணையத்தில் எடுத்த பளபளப்பான படத்தைவிடப் பயனுடையது. அது வகுப்பில் அவர் கரும்பலகையில் வரைந்ததை ஒத்திருக்கும்.

9. தளத்தின் ஆயுள்

தளம் ஒரு கணக்கின் உடைமை. அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பணிமாறுதல் உண்டு, ஓய்வும் உண்டு. எனவே தொடங்கும்போதே இன்னோர் ஆசிரியரைத் திருத்துநராகச் சேர்த்துவைக்க வேண்டும். மாறுதலானபின் அவர் தளத்தை நகலெடுத்துத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுக்கும் நகலில் நேர்பதிவுகள் வரும். உட்பதித்த கோப்புகளோ முன்னவரின் டிரைவிலேயே தங்கி, அங்கிருந்தே தோன்றிக்கொண்டிருக்கும். அவர் அவற்றை அழித்தாலோ உரிமையை மாற்றினாலோ புதிய தளத்தின் பெட்டிகள் வெறுமையாகும். வெளியீட்டு முகவரியும் நகலோடு வருவதில்லை. புதியது கொடுக்க வேண்டும். ஆகவே தளத்தோடு கோப்புறையையும் தனியே படியெடுத்து, நகலில் ஒவ்வொரு உட்பதிவையும் புதிய கோப்போடு மீண்டும் சேர்ப்பதே முழுமையான கைம்மாற்றம். நேர்பதிவை மிகுதியாகவும் உட்பதிவை அளவாகவும் வைக்கும்படி ஐந்தாம் பகுதியில் கூறிய விதிக்கு இது இன்னொரு காரணம்.

தளத்துக்கென்றே தனிக்கணக்கு தொடங்கும் பழக்கம் நல்லதே. பள்ளியின் பொறுப்பில் அதை வைத்தால் மாறுதலின் சிக்கல் குறையும். ஆனால் ஒரு நிபந்தனையை அறிந்துகொண்டு செய்ய வேண்டும். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. ஆசிரியர் மாறிச் சென்று, கடவுச்சொல்லும் மறந்து, எவரும் நுழையாமல் விட்ட கணக்கு அந்த வரம்பில் சிக்கும். கணக்கோடு டிரைவும், டிரைவோடு தளமும் போகும். ஆண்டுதோறும் ஜூனில் பருவப்பொருள் பக்கத்தைத் திருத்த நுழையும் அந்த ஒரு நாளிலேயே, நேர்பதிவு உரைகளை ஓர் ஆவணமாகவும் கோப்புறையை முழுமையாகவும் பள்ளிக் கணினியில் இறக்கி வைத்துவிடலாம். கணக்கும் பயன்பாட்டில் உள்ளதாகக் கருதப்படும்.